தோஹாவில் அரை நாள்: எந்த அருங்காட்சியகம்?

தோஹாவில் விமானம் மாற அரை நாள் கிடைத்தால், கார்னிஷ் கடற்கரைச் சாலையோரமே கத்தார் தேசிய அருங்காட்சியகம், இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் என்று இரண்டு நம்மை இழுக்கும். இரண்டையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றை நின்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. கத்தாரைத் தெரிந்துகொள்ள ஆசையென்றால், தேசிய அருங்காட்சியகத்துக்கே போங்கள்.

ழான் நூவெல் வடிவமைத்து 2019-ல் திறந்த கட்டடம் அது. உப்புத்தரையில் ஈரம் வற்றும்போது மண்ணுக்குள் இதழ் இதழாக உறையும் ஜிப்சம் படிகத்துக்குப் பாலைவன ரோஜா என்று பெயர். கட்டடமும் அதே வடிவம்தான். உள்ளே சுவர்கள் சாய்ந்திருக்கும், தரையும் மெல்லச் சரியும். எண்ணெய்க்கு முன்னால் இந்தத் தீபகற்பத்துக்குச் சோறு போட்டது முத்துக்குளிப்பு. ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து, 1930-களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. மன்னார்ச் சலாபத்துக்கும், அதாவது அங்கே நடந்த முத்துக்குளிப்புக்கும், அரபுக் குளியாளிகள் வந்துபோனார்கள் என்பதால் நமக்கு இது அந்நியக் கதை இல்லை.

நான் அதிக நேரம் நின்றது பரோடா முத்துக் கம்பளத்தின் முன்னால். 1865-ல் பரோடா மகாராஜா செய்யச் சொன்னது. வளைகுடா முத்துகள் மட்டும் பதினைந்து லட்சத்துக்கு மேல். குனிந்து பார்த்தால் கடுகு கடுகாகத் தெரியும். அவ்வளவும் மூச்சை அடக்கி மூழ்கியவர்கள் எடுத்தது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் 2008-ல் திறந்தபோது அதை வடிவமைத்த ஐ. எம். பெய்க்கு வயது 91. கெய்ரோ இப்னு துலூன் மசூதியின் நீர்மண்டபத்தைப் பார்த்து உருவம் பிடித்தார். நாளைக்கு வேறு கட்டடம் வந்து மறைக்கக் கூடாதென்று, கடலில் தனித் தீவே அமைக்கச் சொன்னார். கட்டட அழகில் இதுதான் ஒரு படி மேல். ஸ்பெயின் முதல் இந்தியா வரை அரிய பொருள்கள் இருக்கின்றன. மும்தாஜ் இறந்த 1631-ஐ ஒட்டி ஷாஜஹானுக்காகச் செய்த ஜேட் கல் தாயத்தைத் தவறவிடாதீர்கள். ஆனால் கத்தாரின் சொந்தக் கதையை இங்கே தேட முடியாது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் தேசிய அருங்காட்சியகம்தான் சரி. சுவர் முழுக்கப் படம் ஓடும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு அந்தச் சரிவும் நீண்ட நடையும் சிரமம், அவர்களைப் பெய்யின் கட்டடத்துக்கு அழைத்துப் போங்கள்.

அப்புறம், எதைப் பார்த்தாலும் சாயங்காலம் அந்தத் தீவை ஒட்டிய பூங்காவுக்கு வந்துவிடுங்கள். பாய்மரத் தோவ் படகுகளுக்குப் பின்னால், வெஸ்ட் பே பகுதியின் உயர்மாடிக் கோபுரங்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியும்.