பி.பி.ஏ.வா, பி.ஏ. தொழிலாளர் மேலாண்மையா?

மனிதவளத் துறைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் பி.பி.ஏ. விண்ணப்பத்தைத்தான் தேடுகிறார்கள். சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் நடத்தும் பி.ஏ. தொழிலாளர் மேலாண்மை பலருக்குத் தெரிவதே இல்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

பி.பி.ஏ.வில் கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். மனிதவளத்துக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு தாள்கள்தான். அப்புறம் எம்.பி.ஏ. சேரவும், வேறு துறைக்கு மாறவும் வசதி.

பி.ஏ. தொழிலாளர் மேலாண்மையில் தொழிலாளர் சட்டம்தான் உயிர். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கிடும்போது மாதச் சம்பளத்தை ஏன் 30ஆல் வகுக்காமல் 26ஆல் வகுக்கிறோம், ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் முன் விசாரணை எப்படி நடக்க வேண்டும், தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தையில் எப்படி உட்காருவது என்பதெல்லாம் இதில் அன்றாடப் பாடம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில், அவர்கள் நலனைக் கவனிக்க நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது. அந்த நாற்காலிக்கான படிப்பு இது.

ஐ.டி. நிறுவனத்தில் ஆளெடுக்கும் வேலை போதும் என்றால் சரி, பி.பி.ஏ. எடுங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளில் தொழிலாளர் பக்கம் நின்று வேலை பார்க்க மனமிருந்தால், என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.