ஆறு வருடமாக ஃபயர்பாக்ஸ்: வாசலில் பெயர் கேட்கும் தளங்கள்

போன வாரம் காசிமேட்டிலிருந்து நண்பன் போன் செய்தான். அங்கே ஜெராக்ஸ் கடை போடுகிறான், மூன்று கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. "மச்சான், எந்த பிரவுசர் போடறது? நீ அந்த நரியத்தானே வச்சிருக்க?"

ஆமாம், அந்த நரிதான். தண்டையார்பேட்டையில் என் கடையில் நான்கு கணினியிலும் ஆறு வருடமாக ஃபயர்பாக்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவனுக்குச் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. அவன் கேட்பதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அதே ஃபயர்பாக்ஸோடு ஒரு ராத்திரி மல்லுக்கட்டியிருந்தேன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் மெயிலைத் திறந்தாக வேண்டும். ஹால் டிக்கெட் எடுக்க, சான்றிதழ் பிரிண்ட் போட, ஏதாவது ஒன்று. லாக்அவுட் செய்யாமல் ஒருத்தர் எழுந்து போனால், அடுத்து உட்காருகிறவர் கண்ணில் அவருடைய ஆதார் நகல் வரை படும். பிரைவேட் ஜன்னல் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்கு அது போதாது. எத்தனை பிரைவேட் ஜன்னல் திறந்தாலும் அத்தனைக்கும் குக்கீ கிடங்கு ஒன்றுதான் (யார் லாகின் ஆகியிருக்கிறார் என்று தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் குறிப்புதான் குக்கீ). கடைசி ஜன்னலை மூடும்வரை அது காலியாகாது. ஒருவருடைய அப்ளிகேஷன் ஓடிபிக்காகப் பாதியில் நிற்கும்போது, அதே கணினியில் இன்னொருவருக்காக மெயிலைத் திறந்தால் முதல் ஆளின் மெயில் வந்து நிற்கும்.

ஃபயர்பாக்ஸுக்கு மல்டி அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் என்று ஒரு நீட்சி, அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல், இருக்கிறது. 2017-இல் ஃபயர்பாக்ஸைச் செய்கிற மொசில்லாவே வெளியிட்டது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் குக்கீ தனி, அந்த டேப்பின் விளிம்பில் ஒரு நிறக்கோடு. பழைய பிளாஸ்டிக் டோக்கன்கள் கொஞ்சம் கிடந்தன. பச்சை டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காவுடைய வேலை பச்சை டேப்பில், நீல டோக்கன் தம்பியுடையது நீல டேப்பில். ஒரே மெயில் தளத்தை மூன்று பேருக்கு மூன்று லாகினில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்து வேலை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட மாறியதில்லை. வேலை முடிந்ததும் அந்த கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிடுவேன். உள்ளே இருந்த லாகினெல்லாம் அதோடு போய்விடும். ஒன்று மட்டும் கவனம்: பார்த்த பக்கங்களின் வரலாறும் சேமித்த பாஸ்வேர்டும் கன்டெய்னர்வாரியாகப் பிரியாது. அதனால் கடைக் கணினியில் பாஸ்வேர்ட் சேமிப்பதை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி இன்னொரு நிம்மதி. வேலைவாய்ப்புச் செய்தித் தளங்களில் நிஜமான டவுன்லோடு பட்டனுக்கு மேலேயும் கீழேயும் பொய்ப் பட்டன்கள் நிற்கும், கடைப் பையன் அதில்தான் போய் அழுத்துவான். குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதில் அங்கே முழு யூபிளாக் நின்றுபோய், சுருக்கின லைட் பதிப்புதான் மிச்சம். ஃபயர்பாக்ஸில் முழுசாக ஓடுகிறது. அப்புறம், மூலையில் இருக்கும் விண்டோஸ் 7 கணினி. அதற்கு 2023 ஆரம்பத்தில் 109-ஆம் பதிப்போடு குரோம் நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவு தரும் பதிப்பு) அதற்குப் பிறகும் பாதுகாப்புப் புதுப்பிப்பு கொடுத்தது.

இனி அந்த ராத்திரி. ஒரு தேர்வு விண்ணப்பத் தளம், கடைசி நாள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அம்மாவோடு வந்தான், மணி ஒன்பதே முக்கால். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் கையெழுத்துப் போடவைத்து, ஸ்கேன் செய்து, அவர்கள் கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்றினேன். ஐந்து பக்கமும் நிரப்பியாயிற்று. கட்டணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது: குரோமில் மட்டும் திறக்கவும். ஓகே அழுத்தினால் முதல் பக்கம். அடித்ததெல்லாம் போச்சு.

"இன்னாண்ணா, உன் சிஸ்டம்ல வேலைக்கு ஆவலியா?" என்றான். அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். விண்டோஸோடு வரும் எட்ஜைத் திறந்து (உள்ளே அதுவும் குரோம் மாதிரிதான்) மறுபடி முதலிலிருந்து அடித்தேன். பணம் போய் ரசீது வரும்போது மணி 11:40.

மறுநாள் அதே தளத்தில் வேறொருவருக்கு வேறொரு அப்ளிகேஷன். இந்தத் தடவை ஃபயர்பாக்ஸில் அடையாளத்தை மாற்றும் நீட்சி ஒன்றைப் போட்டு, தன்னைக் குரோம் என்று சொல்ல வைத்தேன். கட்டணப் பக்கம், ரசீது, பிரிண்ட், எல்லாம் ஒழுங்காக வந்தது. அதாவது அந்தத் தளத்துக்கு ஃபயர்பாக்ஸில் ஓடத் தெரியும். வாசலில் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். வயிறு எரிந்தது அப்போதுதான்.

பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் போகும்போது தன் அடையாள வரி ஒன்றை நீட்டும். குரோமின் வரியைப் பிரித்துப் பாருங்கள், அது "மொசில்லா/5.0" என்றுதான் தொடங்குகிறது! தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசருக்கு உள்ளே வைத்த பெயர் மொசில்லா. தளங்கள் அந்தப் பெயரைப் பார்த்து நல்ல பக்கத்தை அதற்கு மட்டும் கொடுத்தன. அதனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொண்டது, பின்னால் வந்தவையும் அதையே செய்தன. விவால்டி என்ற பிரவுசர் 2019 டிசம்பரில் பெரும்பாலான தளங்களுக்குத் தன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டுக் குரோமின் வரியை நீட்ட ஆரம்பித்தது. இப்படித் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணமும். எல்லாரும் போட்டுக்கொண்ட பெயர் மொசில்லா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் வெளியே நிற்கிறான்.

விவால்டி, பிரேவ், ஓபரா, எட்ஜ் எல்லாம் உள்ளே குரோமியம்தான், அதாவது குரோமுக்கு அடியில் இருக்கும் அதே நிரல். ஓபரா 2013-இல் சொந்த இன்ஜினை (பக்கத்தைத் திரையில் வரையும் பகுதி) விட்டது, எட்ஜ் 2020 ஜனவரியில் மாறியது. மேசைக் கணினியில் வேறு இன்ஜினோடு பெரிய அளவில் மிச்சமிருப்பது, மேக்கின் சஃபாரியை விட்டால், ஃபயர்பாக்ஸ்தான். அதனாலேயே அது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் விவால்டியை மூன்று மாதம் வைத்திருந்தேன், டேப்களை அடுக்கி வைக்கும் வசதி அருமை. ஆனால் கன்டெய்னர் பழகின கைக்கு வேறெதுவும் ஒட்டவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு நண்பனுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? எட்ஜே போதும், விண்டோஸோடு வருகிறது, ஒரு கணினிக்கு ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் கெஸ்ட் ஜன்னல், முடிந்ததும் மூடிவிடு, லாகின் எதுவும் தங்காது என்றேன். சொல்லும்போதே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பு ஃபயர்பாக்ஸுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைசி நாள் ராத்திரி, ஸ்டூலில் ஒரு அம்மா உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கும்போது, யார் தப்பு என்று அவரிடம் போய் விளக்க முடியாது. புதிதாகக் கடை போடுகிறவன் அந்த ராத்திரியைப் பார்க்க வேண்டாம். என் கடையிலும் முன்வரிசை இரண்டு கணினியில் எட்ஜ் வைத்துவிட்டேன். இன்னும் கோபம் ஆறவில்லை, ஆறினால் மாற்றினாலும் மாற்றுவேன்.

என் மேசைக் கணினியில் ஃபயர்பாக்ஸ் அப்படியே இருக்கிறது. அதன் மெனுவிலேயே சரியாக ஓடாத தளத்தைப் புகார் செய்ய ஒரு வழி இருக்கிறது. அந்தத் தளத்தைப் பற்றி விவரமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். முகவரிப் பட்டையில் அபவுட்:காம்பட் என்று ஆங்கிலத்தில் அடித்தால், எந்தெந்தத் தளங்களுக்கு ஃபயர்பாக்ஸ் தானே தன் பெயரை மாற்றிச் சொல்கிறது என்று பட்டியல் வரும். நேற்று காலை புதுப்பிப்பு வந்ததும் அதைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். நம்ம தளம் இன்னும் அதில் வரவில்லை.