நாலு வருஷமாக ஒரு ஓடிஜியும் செப்டம்பர் கடைசி வாரமும்

2021 ஆகஸ்டில் வாங்கிய ஓடிஜி இது, அதாவது கேக், பிஸ்கட் சுடுகிற சின்ன மின்சார ஓவன். 28 லிட்டர், 1500 வாட். நாலு வருஷத்துக்கு மேல் புழங்கிவிட்டேன், அதனால் இதன் நல்லது கெட்டது இரண்டையும் தைரியமாகச் சொல்லலாம்.

பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை எனக்கு. 7ஆம் தேதி டிடிஎஸ் வரி கட்ட, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குகளை ஏற்ற என்று மாதம் முழுக்கத் தேதிகள்தான். அதிலும் செப்டம்பர் கடைசி வாரம் தனி ரகம். 30ஆம் தேதிக்குள் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டை வருமான வரி இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள் அந்த வாரம்தான் பில் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தேதியைத் தள்ளிவைப்பார்களா என்ற பேச்சு ஒரு பக்கம், சுற்றிக்கொண்டே நிற்கும் கம்ப்யூட்டர் திரை இன்னொரு பக்கம். வீட்டுக்கு வர ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். படுத்தால் தூக்கம் வராது. கண்ணை மூடினாலும் டேலி ஆகாத தொகைதான் ஓடும்.

வாங்கின முதல் செப்டம்பரில், அப்படித் தூக்கம் வராத ஒரு ராத்திரி, தோல் கறுத்துப்போன மூன்று பழம் கண்ணில் பட்டது. அன்றைக்குப் போட்ட வாழைப்பழ கேக்கைத்தான் இன்றுவரை அந்த வாரத்தில் போட்டுவருகிறேன். முட்டை வேண்டாம், அடித்துக் கலக்கும் மெஷின் வேண்டாம். 150 கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விடாதீர்கள், அடியில் மண் நிற்கும். பழத்தை முள்கரண்டியால் மசித்து, ஆறின பாகு, கால் கப் புளித்த தயிர், 80 மில்லி நல்லெண்ணெய் சேர்த்துக் கலக்கிவிட்டு, 200 கிராம் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடன் கலவையில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அந்த நேரத்தில் டின்னில் ஊற்றி உள்ளே வைத்துவிட வேண்டும்.

மாவு போட்ட பிறகு அதிகம் கலக்கக் கூடாது. கலக்கக் கலக்க மாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இறுகி, கேக் சவசவ என்று ஆகிவிடும். மாவுத் தடம் மறைந்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டியதுதான். நாள் முழுக்க "முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு, ஒரு வேலை இதற்கு மேல் செய்யாதே என்று சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல்! அப்புறம் 45 நிமிஷம் எதுவும் செய்ய முடியாது. முதல் அரை மணி நேரத்தில் கதவைத் திறந்தால் கேக் நடுவில் அமுங்கிவிடும். பாத்திரத்தைக் கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். போனை ஹாலில் வைத்துவிடுவேன், அது முக்கியம். கண்ணாடிக்குப் பின்னால் கேக் மெல்ல எழும்பி, மேலே ஒரு கீறல் விழும். இருபத்தைந்தாவது நிமிஷ வாக்கில் கருப்பட்டி வாசம் வீடு முழுக்கப் பரவும். அந்த வாசத்துக்குத்தான் அம்மா எழுந்து வருவாள்.

"ஏட்டி, மணி பதினொண்ணு ஆச்சு. தூங்க வேண்டாமா?"

கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஓரத் துண்டு அவளுக்கு. சர்க்கரை இருப்பதால் அந்த ஒரு துண்டோடு சரி. கருப்பட்டி போட்டால் சர்க்கரைக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். முதல் ஒரு மாதம் எனக்கு வந்தது அழுகைதான். மேலே கருகும், உள்ளே பச்சை மாவு. என் கைப்பக்குவம் சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, திருகியில் 180 வைத்தால் உள்ளே 205 காட்டுகிறது. அன்றிலிருந்து 150-க்குக் கொஞ்சம் மேலே வைக்கிறேன், உள்ளே 170-ல் நிற்கிறது. சின்ன ஓடிஜிகளில் இப்படிக் கூடக்குறைய இருப்பது சகஜம். மெஷின் வாங்கும்போதே தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். இன்னொன்று, பெட்டி சின்னது என்பதால் மேல் ராடு கேக்கின் தலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. தட்டைக் கீழ் வரிசையில் வைத்து, கீழ் ராடு மட்டும் போட்டு, நிறம் வருவதற்குக் கடைசி ஐந்து நிமிஷம் மேல் ராடைப் போடுகிறேன்.

சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் சொருகாதீர்கள். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலே ஒன்றரை யூனிட்தான். சூடு ஏறினதும் ராடு அணைந்து அணைந்து எரிவதால் அதற்கும் குறைவாகவே ஆகும்.

மூன்றாம் வருஷம் டைமர் திருகி சிக்கிக்கொண்டது, மணியும் அடிப்பதில்லை. கம்பெனி சர்வீசுக்குச் சொல்லி மூன்று வாரம் காத்திருந்ததில் வெறுத்துப்போய், தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொடுத்து மாற்றினேன். அந்த மூன்று வாரம் ரொம்பவே வருத்தமாக இருந்தது.

கேக்குக்கு மூடு இல்லாத நாளில் நங்கட்டாய் என்ற நெய் பிஸ்கட். 100 கிராம் மைதா, 30 கிராம் கடலை மாவு, 75 கிராம் பொடித்த சர்க்கரை, 80 கிராம் நெய், ஏலக்காய், துளி சோடா. நெய் உருகி ஓடக் கூடாது, வெண்ணெய் மாதிரி உறைந்திருக்க வேண்டும். நம்மூர் வெயிலுக்கு அதை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளங்கையில் உருட்டித் தட்டும்போது பிடித்துவைத்திருந்த தோள் தானாக இறங்குவதை உணர்ந்திருக்கிறேன். எடுத்ததும் தொட்டால் பொடிந்துவிடும், ஆறட்டும், இறுகிவிடும்.

தூத்துக்குடி மக்ரூனையும் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி, மூன்றே பொருள். ஆனால் மனசு சரியில்லாத வாரத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். வெள்ளைக் கருவில் துளி மஞ்சள் கரு பட்டாலும் நுரை சரியாக ஏறாது. குறைந்த சூட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காய வேண்டும். ஐப்பசி மழையில் போட்டேன், டப்பாவில் போடுவதற்குள் சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிட்டது. மூன்று வெள்ளைக் கருவும் 200 கிராம் முந்திரியும் போனதில் அந்த வாரம் இன்னும் பாரமாகிவிட்டது. அது வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது.

போன மாதம் ஓவன் உள்விளக்கு போய்விட்டது. பல்பு இன்னும் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் முப்பதாவது நிமிஷம் தாண்டினதும் அம்மா டார்ச்சை எடுத்து வந்து கண்ணாடியில் அடித்துக் காட்டுகிறாள். "எழும்பிட்டு பாரு, இன்னும் அஞ்சு நிமிஷம் விடு" என்கிறாள். விடுகிறேன்.