ஃபீஸ் வக்கீலா, இலவச வக்கீலா? இரண்டு முறை நோட்டீஸ் வாங்கிய வீட்டின் கணக்கு

வீட்டைக் காலி செய்யச் சொல்லி எங்கள் மேல் இரண்டு முறை வழக்கு வந்தது. முதல் முறை காசு கொடுத்து வக்கீல் வைத்தோம். இரண்டாம் முறை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து இலவச வக்கீலைப் பெற்றோம். யாராவது யோசனை கேட்டால் இரண்டாவது வழியைத்தான் சொல்கிறேன். ஃபீஸ் மிச்சமாகும் என்பதற்காக அல்ல, வாய்தாவுக்காக, அதாவது வழக்கு தள்ளிவைக்கப்படும் ஒவ்வொரு தேதிக்காக.

எளிதான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தனியார் வக்கீலை நாமே தேர்ந்தெடுக்கலாம். இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார், முதல் மாதம் மட்டும். இலவச வக்கீலை ஆணைக்குழுதான் தன் பட்டியலிலிருந்து ஒதுக்கும்; அவரைப் பிடிப்பதற்கு நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டும். இந்த வசதிகளில் தனியார் வக்கீல்தான் மேல். வக்கீலே வேண்டாம், வீட்டுக்காரரிடம் நேரில் பேசிக்கொள்கிறோம் என்பவர்களும் உண்டு. நோட்டீஸ் வருவதற்கு முன் அது நல்ல வழிதான். மனு நீதிமன்றத்தில் வழக்கு எண் வாங்கிவிட்ட பிறகு, “பார்த்துக்கலாம் அம்மா, நீங்கள் அலைய வேண்டாம்” என்ற பேச்சை நம்பி வீட்டில் இருந்துவிட்டால், சாவியை நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

இனி வாய்தா. நான் துணிக்கடையில் பில் போடுகிறேன். அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். முதல் வழக்கின்போது வக்கீல் இருபதாயிரம் கேட்டார். பாதியை நகையை வைத்துக் கட்டினோம். அதோடு முடிந்தது என்று நினைத்ததுதான் தவறு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஐந்நூறு, டைப் அடிக்க, ஜெராக்ஸ் எடுக்க, குமாஸ்தாவுக்கு டீ என்று தனிக் கணக்கு ஓடியது. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று தள்ளிப்போன நாளுக்கும் அதே ஐந்நூறுதான். எட்டு வாய்தா வரை சமாளித்தோம். ஒன்பதாவதுக்குக் கையில் காசு இல்லை. காசில்லாமல் அவர் முகத்தில் விழிக்க அம்மாவுக்குக் கூச்சம், எனக்கும்தான். போனில் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று ஒருதலைப்பட்ச உத்தரவு ஆகிவிட்டது. உத்தரவை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அப்படிப்பட்ட உத்தரவை நீக்கக் கோரி மனு போடலாம். சாதாரண உரிமையியல் வழக்கில் அதற்கு 30 நாள் அவகாசம். ஆனால் அந்த மனுவுக்கும் மறுபடி ஃபீஸ். நாங்கள் மூட்டை கட்டினோம்.

அந்த வழக்கில் சட்டம் எங்களைத் தோற்கடித்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தரப்பில் என்ன நியாயம் இருந்தது என்று யாரும் கேட்கும் நிலைக்கே அது வரவில்லை. வீட்டு வழக்கில் மாதாமாதம் தின்னும் பராமரிப்புச் செலவு வாய்தாதான். வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து மோட்டார் வாங்கியவர் பிறகு கரண்ட் பில்லைப் பார்த்து விழிப்பதைப் போன்றது இது. அதனால் எந்த வக்கீல் கெட்டிக்காரர் என்பதை நான் இப்போது இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். இருபதாவது வாய்தாவிலும் நமக்காக ஒருவர் எழுந்து நிற்பாரா என்பதுதான் முதல் கேள்வி.

இலவச சட்ட உதவி அங்கேதான் வேறுபடுகிறது. வக்கீலுக்கான ஊதியத்தை ஆணைக்குழு கொடுக்கிறது. நீதிமன்றக் கட்டணம், மனு தயாரிப்பு, நகல் செலவு ஆகியவையும் உதவியில் அடங்கும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு யாருக்கு இது உரிமை என்று பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் எல்லாருக்கும் உண்டு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும். மற்றவர்களுக்குத்தான் வருமான உச்சவரம்பு. அதற்கும் நாமே கொடுக்கும் பிரமாணப் பத்திரம் பொதுவாகப் போதும். வாடகை ஒப்பந்தம் அம்மாவின் பெயரில் இருந்ததால் எங்களிடம் சம்பளச் சான்று எதுவும் கேட்கவில்லை. வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 15100 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவும் இருக்கும்.

எல்லாம் தேன் இல்லை. எங்களுக்கு முதலில் ஒதுக்கப்பட்ட வக்கீல் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. இந்த முறை கூச்சப்பட என்ன இருக்கிறது? அவருக்கு நாங்கள் பாக்கி எதுவும் வைக்கவில்லையே. ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம், வேறு வக்கீல் கிடைத்தார். புது வக்கீல் அதிகம் பேசமாட்டார், போனை அரிதாகவே எடுப்பார், ஆனால் பெயர் கூப்பிடும்போது நீதிமன்றத்தில் இருந்தார். வாய்தா அன்று எனக்குப் போன அரை நாள் சம்பளத்தை யாரும் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் செலவு இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

புது வக்கீல் முதல் நாளே சொன்னது: “இந்த வீட்டிலேயே உங்களை இருக்க வைப்பேன் என்று சொல்ல மாட்டேன் அக்கா. எப்போது போகிறீர்கள், கையில் எதோடு போகிறீர்கள், அதைப் பேசலாம்.” பழைய 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் புதிய தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய சட்டம். ஒப்பந்தம் போடத் தவறியதே வெளியேற்றக் காரணமாக 21ஆம் பிரிவில் இருக்கிறது. எங்களிடம் இருந்தது முத்திரைத்தாளில் எழுதிய பழைய பதினொரு மாதக் காகிதம்; வீட்டையோ புதியவர் ஒருவர் வாங்கிவிட்டார்.

அதே சட்டத்தில் நமக்கான பிடிகளும் இருக்கின்றன. வாடகைப் பாக்கிதான் காரணம் என்றால், அதைக் கேட்டு வரும் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிவிட வழி உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காலி செய்தால் கழிவு போக அதைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் காலி செய்ய வைக்கக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

முடிவில் எங்கள் வழக்கு, இரு தரப்பும் பேசிச் சமரசம் செய்துகொள்ளும் மக்கள் நீதிமன்றத்துக்குப் (லோக் அதாலத்) போனது. பத்து மாத அவகாசம், அட்வான்ஸ் முழுவதும் திரும்ப, கடைசி இரண்டு மாத வாடகை தள்ளுபடி. அங்கே எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. அது இருபக்கமும் வெட்டும். வீட்டுக்காரர் அட்வான்ஸை இழுத்தடிக்க முடியாது. நாங்கள் குறித்த தேதியில் போகாவிட்டால் அவர் புது வழக்கு போடத் தேவையில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் தேதியைக் கூட்டிக் கேளுங்கள், பள்ளிக் கல்வியாண்டு முடியும் மாதமாகக் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டு வாங்கினோம்.

வீட்டுக் கடன் நின்றுபோய் சொந்த வீட்டுக்கே ஆபத்து என்றால் இதே யோசனையைச் சொல்வேனா? இதில் என் அனுபவம் மாமாவின் வீட்டோடு நிற்கிறது, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். அடமான வீட்டை வங்கி கைப்பற்ற வழி செய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, வங்கி முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். நாம் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் அது பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். உள்ளூர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டிய விஷயங்களை உரிமையியல் நீதிமன்றம் எடுக்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவே தடுக்கிறது. அந்தத் தீர்ப்பாயங்கள் தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் இருக்கின்றன. மாமா அந்த வேலையே செய்யும் தனியார் வக்கீலை மதுரையில் பிடித்தார், வீடு தப்பியது. அங்கே நாள் கணக்கு தெரிந்த கை வேண்டும், வாய்தாவும் எங்கள் வழக்கைப்போல் இழுக்கவில்லை. ஆகவே சொந்த வீடு என்றால் தனியார் வக்கீல் பக்கமே சாய்வேன். ஆனாலும் முதல் நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதுவதை ஆணைக்குழுவில் இலவசமாகச் செய்துகொண்டிருக்கலாம். மாமா அதற்கும் மூவாயிரம் கொடுத்தார்.

எந்த வழியில் போனாலும் நோட்டீஸோடு அது வந்த உறையையும் எடுத்துப் போங்கள். எங்கள் உறையின் பின்பக்கம் அம்மா உளுந்து வாங்கிய கணக்கு எழுதி வைத்திருந்தார். தூக்கி எறியப் பார்த்த என் கையிலிருந்து வக்கீல் அதை வாங்கி, முன்பக்கத்து அஞ்சல் முத்திரையைக் காட்டினார். நோட்டீஸ் அனுப்பியதாக வீட்டுக்காரர் தரப்பு சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் பின்னால் இருந்தது அது. உளுந்துக் கணக்கோடு சேர்த்தே உறை கோப்பில் போனது.