எஸ்பாரா, ஐ-பாஸா? ஹேண்ட் ஓவருக்கு எது நல்லது

நான் வார்டு நர்ஸ். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றி அடுத்து வருபவரிடம் சொல்லி ஒப்படைப்பதுதான் ஹேண்ட் ஓவர். மூன்று வருஷம் எஸ்பார் (SBAR) முறையில் அதைக் கொடுத்தேன். போன ஆடியிலிருந்து எங்கள் வார்டில் ஐ-பாஸ் (I-PASS) முறை. இனி பழையதற்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

எஸ்பார் தெரிந்ததுதான்: இப்போதைய நிலை, பின்னணி, நம் கணிப்பு, என்ன செய்யலாம். அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை. ராத்திரி 2 மணிக்கு டியூட்டி டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல இன்றும் எனக்கு அதுதான் வசதி.

ஷிஃப்ட் மாறும் நேரம் வேறு மாதிரி. ஐ-பாஸில் நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், 'இப்படி ஆனால் இதைச் செய்' என்று நாலும் சொன்ன பிறகு, வாங்கிக்கொள்பவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். என்னை மாற்றியது இந்த ஐந்தாவது படிதான்.

எஸ்பார் காலத்தில் ஒருநாள் காலை, நைட் டியூட்டி அக்கா, "7-ஆம் பெட் எண்டோஸ்கோபிக்காக வெறும் வயிறு, காலை இன்சுலின் வேண்டாம்" என்றார். அந்த நொடி 4-ஆம் பெட்டில் மருந்து ஏற்றும் பம்ப் கத்தியது. "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். சார்ட்டில் இன்சுலின் ஆர்டர் அடித்து நீக்கப்படவில்லை, இன்சுலின் போட்டுவிட்டேன். ஒன்பதரைக்கு அந்த 7-ஆம் பெட் நோயாளி, "சிஸ்டர், கை நடுங்குது" என்றார். சட்டை நனைந்திருந்தது. சுகர் 52. உடனே 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றினோம், தேறிவிட்டார். அக்கா எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்ததா என்று பார்க்க அந்த முறையில் இடமே இல்லை.

ஐ-பாஸ் என்றால் நேரம் இழுக்கும் என்பார்கள். 2014-இல் வெளியான ஆய்வில், 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் ஐ-பாஸ் வந்த பிறகு மருத்துவப் பிழைகள் 23% குறைந்தன. ஒரு நோயாளிக்கான ஹேண்ட் ஓவர் நேரம் 2.4 நிமிடத்திலிருந்து 2.5 ஆனது, அவ்வளவுதான். அது பயிற்சி டாக்டர்களிடம், தனிப் பயிற்சியும் கொடுத்துச் செய்தது. நர்ஸ்களுக்கு அதே கணக்கு அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். ஐசியூவில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே எப்படியோ. எங்கள் வார்டில் முதல் இரண்டு வாரம் இழுத்தது, அப்புறம் பழகிவிட்டது.

இப்போது புதிதாகச் சேர்ந்த பெண் "சரிக்கா" என்றால் நான் பேனாவை மூடுவதில்லை. "7-ஆம் பெட்டுக்கு என்ன சொன்னேன், சொல்லு" என்று கேட்கிறேன்.