கோரல் வெட்ட வந்தவரிடம் 18,500 ரூபாயும் போச்சு, தொட்டியும் போச்சு: சேலம் மக்கள் கவனத்துக்கு

சேலத்தில் கடல் தொட்டி, அதாவது உப்புத் தண்ணீரில் கடல் மீனும் பவளமும் வளர்க்கிற தொட்டி, வைத்திருப்பவர்கள் ரொம்பப் பேர் இல்லை. இருக்கிற கொஞ்சம் பேராவது இதைப் படியுங்கள். வளர்ந்துபோன கோரலை (பவளத்தை) வெட்டிச் சரிசெய்து தருகிறேன் என்று 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, தொட்டியையே நாசம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆப் மூலம் வந்தவர், ஊருக்குள்ளேயே அக்வேரியம் கடையும் வைத்திருக்கிறார். புகார் கொடுத்திருப்பதால் ஆப் பெயர், கடைப் பெயர் எதுவும் இங்கே போடவில்லை. ஆள் கூப்பிடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது நாலடித் தொட்டி. லெதர், ஜோவா, மஷ்ரூம், கிரீன் ஸ்டார் பாலிப் என்று எல்லாமே கல் கூடு கட்டாத கோரல் வகை. லெதர் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, கீழே இருந்த ஜோவாவுக்கு வெளிச்சமே போகாமல் மறைத்துவிட்டது. கிரீன் ஸ்டார் பாலிப் ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குப் படர ஆரம்பித்திருந்தது. லெதர் சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை. தண்ணீரில் ரசாயனத்தைக் கசியவிட்டுப் பக்கத்துக் கோரலை ஒடுக்கும். அதனால் அவ்வப்போது வெட்டித்தான் ஆக வேண்டும். சின்ன வெட்டெல்லாம் நானே செய்துகொள்வேன். இந்த லெதரின் அடிப்பாகம் பெரிய பாறையோடு ஒட்டியிருந்தது, அந்தப் பாறையைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

வந்தவர் தொட்டிக்குள் கை விடுவதற்கு முன், "சோப்பு வேண்டாம் அக்கா, ஆர்.ஓ. தண்ணி மட்டும் குடுங்க" என்று கேட்டு வாங்கி முழங்கை வரை கழுவினார். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்து "1.025, கரெக்டா வச்சிருக்கீங்க" என்றார். நான் காலையில் பார்த்தபோதும் அதேதான் காட்டியது. ஒவ்வொரு கோரலையும் பெயர் சொல்லிக் காட்டினார். அம்மா காபி கொடுத்தபோது, "கவலைப்படாதீங்கம்மா, எங்க வீட்டுத் தொட்டி மாதிரி பாத்துக்கறேன்" என்றார். இப்படி ஒரு ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அம்மா இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

வெட்டுக்கூலி, துண்டுகளை ஒட்டித் தருவது, வெட்டுக்காயம் ஆறும் வரை அவர் கடைத் தொட்டியில் வைத்திருந்து திருப்பித் தருவது, எல்லாம் சேர்த்து 18,500. ஆப்பிலேயே கட்டினேன். "ஓடிபி சொன்னாத்தான் அக்கா வேலை ஆரம்பிச்சதா காட்டும்" என்றார். சொன்னேன். அது வேலை முடிந்ததற்கான ஓடிபி!

லெதரைப் பாறையோடு வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய டப்பில் வைத்து, கூர்மையான பிளேடால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். வருகிற கொழகொழப்பை வேறு வாளியில் அலசிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். இவர் தொட்டிக்குள்ளேயே கத்தரிக்கோலை விட்டு அறுத்தார். கொழகொழவென்று ஒன்று நூல் நூலாகப் பிரிந்து மீன்கள் மேலேயே ஓடியது. கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கிற ஸ்கிம்மர் பொங்கி வழிந்ததும் அதை ஆஃப் செய்துவிட்டார். தண்ணீரில் கலந்த ரசாயனத்தை உறிஞ்சுகிற கார்பன் போட வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் விக்கறதுக்காகச் சொல்றது அக்கா" என்கிறார், கடை வைத்திருக்கிற மனுஷன்!

இதைவிட மோசம், ஜோவாவை வெறுங்கையால் சுரண்டியது. சில ஜோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான விஷம் உண்டு. வெட்டும்போது பீய்ச்சுகிற சாறு கண்ணிலோ கைப்புண்ணிலோ பட்டால் ஆஸ்பத்திரிதான். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. தொட்டி ஓரம் நின்று வேடிக்கை பார்த்த தங்கை பையனை நான்தான் இழுத்து அந்தப்பக்கம் விட்டேன்.

துண்டுகளையெல்லாம் தெர்மோகோல் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் தண்ணீர் பால் கலந்த மாதிரி இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மிச்சமிருந்த லெதர் அடிக்கட்டை பழுப்பாக அழுகி நாறியது. கார்பன் போட்டுத் தண்ணீர் மாற்றியும் க்ளவுன் மீன் ஜோடி பிழைக்கவில்லை. மஷ்ரூம் கரைந்துவிட்டது.

போன் செய்தால், "ஷாக்ல இருக்கும் அக்கா, ரெண்டு நாள்ல திறந்துக்கும்." அடுத்த தடவை, "வண்டில இருக்கேன்." அப்புறம், "உங்க மேட்டூர் தண்ணிதான் பிரச்சினை." என் தொட்டிக்குப் போவது ஆர்.ஓ. தண்ணீர் என்று கை கழுவின ஆளுக்கே தெரியாதா? அதுவும் எடுபடாததால், "சேலம் வெயில் அக்கா" என்றார். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் 25 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. ஆப்காரர்களிடம் கேட்டால், "ஓடிபி கொடுத்துவிட்டீர்கள், சேவை முடிந்தது" என்று ஒரே பதில். 18,500 ரூபாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

கடைக்கே போனேன். என் ஜோவா அங்கே விலைச் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறது! பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சிய, மூலை உடைந்த வெளிர்பச்சை டைல் துண்டில் நான் வளர்த்தது அது. "எல்லா டைலும் ஒரே மாதிரிதான் அக்கா இருக்கும்" என்கிறார், என் முகத்தைப் பார்த்தே. சத்தம் போட்டதும், பதிலுக்கு "ராமேஸ்வரம் சரக்கு, உயிரோட கல்லுப் பவளம், ஃப்ரீயா தரேன்" என்று பேரம் பேசினார். கல் கூடு கட்டுகிற இந்தக் கல்பவளம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து திருடி வந்ததை என் வீட்டில் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறார்! வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, சொன்னபடி எழுதுகிறேன், சுருக்கமாகத்தான் முடிகிறது. வேலை முடியாமல் ஓடிபி சொல்லாதீர்கள். தொட்டிக்குள் கத்தரிக்கோல் போனால் அங்கேயே நிறுத்துங்கள். வெட்டுகிற அன்றைக்குப் புது கார்பனும், மாற்றுவதற்கு உப்புத் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். துண்டு எதையும் வெளியே கொடுத்து அனுப்பாதீர்கள், டைலோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஜோவா என்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். 18,500 ரூபாய் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இதே ஆளிடம் வேறு யாராவது ஏமாந்திருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்த்தே கொடுக்கலாம்.