திருவல்லிக்கேணியா, மயிலாப்பூரா, ராயபுரமா? பழைய சென்னையில் வாடகை வீடு தேடுவோருக்கு

அண்ணா சாலைப் பக்கமோ பாரிமுனையிலோ வேலை. தாம்பரத்தைத் தாண்டிக் குடிபோய், தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்துபோக மனமில்லை. ஊருக்கு நடுவிலேயே, கோயிலும் கடைத்தெருவும் உள்ள பழைய பேட்டை ஒன்றில், காலாற நடக்க இடமிருக்கிற மாதிரி ஒரு வீடு வேண்டும். சென்னையில் இப்படித் தேடுகிறவர்கள் திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில்தான் தடுமாறுவார்கள். வாடகைக் கணக்குப் பார்க்கிறவர்கள் ராயபுரத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். என் ஓட்டு திருவல்லிக்கேணிக்கு. நான் அங்கே குடியிருக்கிறவன், என் அக்கா குடும்பம் மயிலாப்பூரில். அதனால் இரண்டு பக்கத்து நல்லது கெட்டதும் தெரிந்துதான் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன்னால் அளவுகோல் எது என்று சொல்லிவிட வேண்டும். பழைய பேட்டை வீடுகள் பெரும்பாலும் சுவரோடு சுவர் ஒட்டியவை. முற்றமும் திண்ணையுமாக ஒரே குடும்பம் வாழ்ந்த வீட்டைத் தடுத்து மூன்று நான்கு குடித்தனம் ஆக்கியிருப்பார்கள். நமக்குக் கிடைப்பது இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். மொட்டைமாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் குழந்தை ஓடுவதற்கும் பெரியவர் காற்றாட உட்காருவதற்கும் வெளியிடம் கட்டாயம் தேவை. அந்த இடத்துக்கு வண்டி எடுத்துப் போகவேண்டி வந்தால் ஒரு மாதத்தில் பழக்கம் விட்டுப்போகும். எனவே நான் பார்ப்பது ஒன்றுதான்: செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் எவ்வளவு நேரத்தில் வானம் தெரிகிற இடத்துக்குப் போய்ச்சேரலாம்?

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் பக்கத்துத் தெருக்களிலிருந்து கிழக்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காமராஜர் சாலை வந்துவிடும். நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கு மேலே பறக்கும் ரயில். கடக்க வேண்டிய பெரிய சாலை காமராஜர் சாலை ஒன்றுதான். பாரதி சாலை முடிகிற இடத்தில், கண்ணகி சிலை பக்கம், சிக்னல் பார்த்துக் கடந்தால் மணல்.

மெரினாவை எல்லாரும் சாயங்காலத்து சுண்டல், பஜ்ஜி, பலூன் கூட்டமாகத்தான் நினைக்கிறார்கள். குடியிருக்கிறவனுக்கு அது விடியற்காலை ஐந்தரை மணிக்கு உரியது. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை சிக்னலே இல்லாத நடைபாதை. 1880-களில் கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது போட்ட உலாவிடம் அது. ஒரு பக்கம் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள், இன்னொரு பக்கம் பெரியவர்கள் கைதட்டிச் சிரிக்கும் பயிற்சி செய்வார்கள். மணல் சராசரியாக 300 மீட்டர் அகலம். அலை வரைக்கும் மணலில் போய்த் திரும்பினாலே ஒரு உடற்பயிற்சி முடிந்தது. 2022 இறுதியில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சக்கர நாற்காலி போகும்படி மரத்தில் ஒரு பாதை போட்டார்கள். திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதன் முனையைச் சிதைத்தது, பிறகு சரிசெய்தார்கள். நடக்க முடியாத தாய் தகப்பன் உள்ள வீட்டுக்கு அந்தப் பாதை எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அவர்களை அலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மெரினாவில் குளிக்கக் கூடாது. அடிநீரோட்டம் பலமானது, ஆண்டுதோறும் உயிர் போகிறது, போலீஸ் தடை இருக்கிறது. நீச்சல்தான் வேண்டுமென்றால் கடற்கரைச் சாலையிலேயே மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் இருக்கிறது. காலை ஒன்பதுக்கு மேல் வெயில் தாழும்வரை மணலில் கால்வைக்க முடியாது, ஒதுங்க மர நிழலும் கிடையாது. கோடையில் கடற்காற்று மதியவாக்கில் உள்ளே வர ஆரம்பிக்கும். கிழக்குப் பார்த்த மாடி வீடு கிடைத்தால் அந்தக் காற்றுக்காகவே கொஞ்சம் கூடுதல் வாடகை தரலாம்.

பேட்டையின் பழமையைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கோயிலில் எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டு இருக்கிறது. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் 1921-இல் கண்மூடிய வீடு நினைவில்லமாக இருக்கிறது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. 1904-இல் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம், ‘டியூசிஎஸ்’, இன்றும் நடக்கிறது. எனக்குப் பிடித்தது இவை அக்கம்பக்கமாக இருப்பதுதான். மார்கழியில் விடியலில் திருப்பாவை, ரம்ஜான் மாதத்தில் நெடுஞ்சாலையில் நள்ளிரவு வரை கடை. ஒரே பேட்டையில் இரண்டும் இயல்பாக நடக்கின்றன.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும். மேன்ஷன்கள், அதாவது தனியாட்கள் அறை எடுத்துத் தங்கும் விடுதிகள், நிறைந்த தெருக்களில் ராத்திரி பதினொன்றுக்கும் சத்தம் அடங்காது. தெருவில் திரியும் மாடுகள் வயதானவர்களை முட்டித் தள்ளிய செய்திகள் பலமுறை வந்தாயிற்று. அந்தக் கவலை நியாயமானது. சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் பெல்ஸ் ரோடு, வாலாஜா சாலைப் பக்கம் போக்குவரத்தே மாறிவிடும். வைகுண்ட ஏகாதசியன்று கோயிலைச் சுற்றிய தெருக்களில் வண்டியை வெளியே எடுக்கும் எண்ணமே வேண்டாம். கார் வைத்திருப்பவர்கள் திருவல்லிக்கேணியை யோசிக்காமலே இருப்பது நல்லது. நிறுத்த இடம் கிடையாது.

மயிலாப்பூருக்கு வருவோம். அழகில் அதுதான் ஒரு படி மேல். கபாலீசுவரர் கோயில் கோபுரமும் குளமும் மாட வீதிகளும் சேர்ந்த அந்த அமைப்பு சென்னையில் வேறெங்கும் இவ்வளவு முழுமையாக இல்லை. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று வீட்டு வாசலில் நின்றபடியே அத்தனை நாயன்மாரையும் பார்க்கலாம். 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்த லஸ் தேவாலயம், கச்சேரி சாலை நாட்டு மருந்துக் கடை, தெற்கு மாட வீதிக் காய்கறி, சபாக்கள், பாட்டு வாத்தியார்கள். குழந்தைக்குச் சங்கீதமோ பரதமோ சொல்லிவைக்க வேண்டுமென்றால் மயிலாப்பூரை அடித்துக்கொள்ள ஊரே இல்லை.

ஆனால் வெளியிடம் என்று பார்த்தால் கணக்கு வேறு. கோயிலிலிருந்து கச்சேரி சாலை வழியாகக் கடலுக்கு இருபது நிமிடமாவது நடக்க வேண்டும். அந்தச் சாலையில் நடைபாதையில் கடையும் வண்டியுமாக இருப்பதால் பாதி தூரம் தார்ச்சாலையில் இறங்கித்தான் போகவேண்டும். போய்ச்சேருகிற சாந்தோம், நொச்சிக்குப்பம் கரை மீனவர்களின் வேலைக்களம். படகு, வலை, மீன் விற்பனை என்று காலை முழுக்க அவர்கள் பிழைப்பு நடக்கிற இடம். லூப் சாலையோரம் விற்றவர்களுக்காக மாநகராட்சி கட்டிய புதிய மீன் அங்காடி 2024-இல் திறக்கப்பட்டது. அங்கே மீன் வாங்கப் போகலாம். நடைப்பயிற்சிக்கென்று அவர்கள் வலையை மிதித்துக்கொண்டு போவது சரியில்லை.

மயிலாப்பூரின் உண்மையான வெளியிடம் லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கியது. மெரினாவில் கிடைக்காத மூன்று விஷயங்கள் இங்கே உண்டு: நிழல், பெஞ்சு, தெரிந்த முகம். பெரிய மரங்களுக்கு அடியில் வட்டப் பாதை, ஷட்டில் ஆடும் இடம், குழந்தைகளுக்கு ஊஞ்சல். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னப் பிள்ளைகள் மைக் இல்லாமல் கச்சேரி பாடுவார்கள். என் அக்காவின் மாமியார் முழங்கால் வலியோடு தினமும் இரண்டு சுற்று நடக்கிறார் என்றால் அதற்குக் காரணம் மருத்துவர் சொன்னது பாதி, பெஞ்சில் காத்திருக்கும் கூட்டாளிகள் பாதி. அறுபது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீட்டுக்கு நான் தயங்காமல் மயிலாப்பூரைச் சொல்வேன். ஓடியாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்தப் பூங்கா போதாது. அங்கே பந்து உதைக்க முடியாது.

வாடகை மயிலாப்பூரில் கூடுதல். அதைவிட என்னை வருத்துவது ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனை. சில வீட்டுக்காரர்கள் பலகையிலேயே எழுதிவிடுகிறார்கள், சிலர் போனில் பெயரைக் கேட்டதும் ‘வீடு முடிஞ்சு போச்சு’ என்கிறார்கள். சம்பளமும் அட்வான்சும் கையில் இருந்தும், சாப்பாட்டையும் பெயரையும் வைத்து ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்புவது அநியாயம். திருவல்லிக்கேணியிலும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இது உண்டு, ஆனால் இரண்டு தெரு தள்ளினால் இல்லை. தேடி அலைவதற்கு முன் தரகரிடம் இதை நேராகக் கேட்டுவிட்டால் மனக்கசப்பு இருக்காது.

இதோடு மெட்ரோ வேலை. இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. லஸ் பக்கம் தோண்டியபடியே இருக்கிறார்கள். முடிந்தபிறகு மயிலாப்பூரைப்போல வசதி வேறெதற்கும் இருக்காது, வாடகையும் அதற்கேற்ப ஏறும். அதுவரை தூசியும் ஒருவழிப் பாதையும் சுற்றுவழியும். வீசிங் உள்ள குழந்தை இருந்தால் லஸ் முனையை ஒட்டி வீடு பார்க்க வேண்டாம்.

ராயபுரத்தைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் கிளம்பிய நிலையம் இன்றும் அங்கே நிற்கிறது. படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. பார்சிகளின் அக்னிக் கோயிலும் இருக்கிறது. 1949-இல் தி.மு.க. தொடங்கப்பட்ட ராபின்சன் பூங்காவும் இங்கேதான், இப்போது அண்ணா பெயரில். பாரிமுனைக்கு மிக அருகில் இருப்பதும் இந்தப் பேட்டைதான். பக்கத்து வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ 2019-லேயே வந்துவிட்டது. வாடகையும் மற்ற இரண்டைவிடக் கையைக் கடிக்காது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: கடல் இருக்கிறது, கரை இல்லை. இந்தக் கடலோரத்தில் மணல் ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது, தெருக்கள் போயின, இப்போது பாறாங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். நாங்கள் காலை நடக்கும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குச் சேரவேண்டியது. அந்த மக்களுக்கு ஈடாக ஒரு நல்ல பெரிய பூங்காவாவது அரசு தரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படி ஒன்று வந்தால் ராயபுரத்தைத்தான் முதலில் சொல்வேன். இப்போதைக்கு, பாரிமுனையில் வேலை, கையில் பணம் குறைவு, காலை நடைக்கு மாடியே போதும் என்பவர்களுக்கு ஏற்றது.

எந்தப் பேட்டையானாலும் வீடு பார்க்கும்போது ஜன்னல் கம்பியைக் கட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். புது பெயிண்டுக்கு அடியில் துரு உதிர்ந்தால் உப்புக்காற்று நேராக அடிக்கிற வீடு. ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் சீக்கிரம் பழுதாகும். குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சம்ப்பு யாருக்கெல்லாம் பொது என்று கேளுங்கள். மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையென்றால் உத்தரங்களுக்கு நடுவில் ஈரத் தழும்பு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். முடிந்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய்வாருங்கள்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்று ஆரம்பிப்பார்கள். பேசினால் குறையும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள், காலியான வீடு பூட்டியே கிடக்கும். நாள் கிழமை பார்க்காதவர்கள் அந்த மாதங்களில் போய்ப் பேசினால் வீட்டுக்காரர் இறங்கிவருவார். பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியவர்களுக்கு மட்டும் மே மாதத்தை விட்டால் வழியில்லை, போட்டியும் அப்போதுதான் அதிகம்.